எருமையும் பதினேழாம் வாய்ப்பாடும்

சலவை அறைச் சுவரில் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் தாளை நான் கீழிருந்து மேலாகப் படித்தேன். கடைசி வரி பெரிய எழுத்தில் இருந்ததுதான் காரணம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, கட்டணம் கிடையாது, காபியும் டோனட்டும் தரப்படும் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் வரியில் வியாழக்கிழமை, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. அதற்கும் மேலே எங்கள் குடியிருப்பிலிருந்து மூன்று தெரு தள்ளியிருந்த சமூகக் கூடத்தின் முகவரி. அன்று வியாழக்கிழமை. மணி ஒன்பதரை. உச்சியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை. ஈரத்துணியை உலர்த்தும் இயந்திரத்தில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடி மகளுக்குச் சட்டை மாற்றினேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. அமெரிக்காவில், சன்னிவேலில் ஒற்றைப் படுக்கையறை வீடு. கணவர் காலை எட்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால் இருட்டியபின்தான் வருவார். எனக்கு இருபத்து நான்கு வயது. அவருடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவள் என்பதால் வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. மகளுக்கு ஒன்றரை வயது. அந்த ஒன்றரை வருடத்தில் ஒருநாளும் நான் கழிவறைக் கதவை நிம்மதியாகச் சாத்தியதில்லை. சாத்தினால் வெளியே உட்கார்ந்துகொண்டு கதவின் அடியில் விரல்களை நுழைத்து அழுவாள். இந்த நிலையில், இரண்டு மணி நேரம் யாரோ ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருந்தால், அது ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் கூட்டமாக இருந்தாலும் போயிருப்பேன்.

கூடத்தின் வாசலில் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார்கள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. சிறுவயதில் வீட்டில் அடி உதை பட்டு, கொடுமைக்கு ஆளாகி வளர்ந்து, இப்போது தாங்களே பெற்றோராகிவிட்ட இளைஞர்களுக்கான ஆதரவுக் குழு அது. உங்களுக்கு அப்படிப்பட்ட அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பக்கத்து அறையில் தரைவிரிப்பில் பொம்மைகள் பரப்பியிருந்தன. என் மகள் ஏற்கெனவே என் கையை உதறிவிட்டு அங்கே போய் ஒரு பிளாஸ்டிக் பசுமாட்டின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் 'ஆம்' என்று குறியிட்டேன். எழுத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்று மனசாட்சி உறுத்தியது. காபியை ஊற்றிக்கொண்டேன்.

வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழு பேர். நடத்தியவர் அறுபதைத் தொட்ட ஒரு அம்மாள். இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அதன் பிறகு இந்த வேலைக்கென்று படித்துத் தேறியவர். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வண்டி ஓட்டிப் பழகியதால் எதற்கும் பதறமாட்டார். நான் மனத்துக்குள் அவருக்கு பஸ் அம்மா என்று பெயர் வைத்தேன். எனக்கு வலப்பக்கத்தில் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு மனிதர். ஃப்ரீவேயில் நின்றுபோன கார்களை இழுத்துச் செல்லும் லாரியை ஓட்டுபவர். இரண்டு கைகளிலும் மீன் படம் பச்சை குத்தியிருந்தார். மூன்று வயது இரட்டைப் பையன்களின் அப்பா. என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். ஆனால் அவர் உட்கார்ந்ததும் நாற்காலி அவருக்குக் கீழே காணாமல் போயிருந்தது.

முதல் வாரம் நான் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். ஒன்றரை வருடத் தூக்கம் பாக்கி. பன்னிரண்டு மணிக்கு விழித்தபோது என்மேல் பஸ் அம்மாவின் ஸ்வெட்டர் போர்த்தியிருந்தது. எல்லோரும் என்னை மிகுந்த மரியாதையுடன் பார்த்தார்கள். பட்ட துன்பம் என்னை அப்படிக் களைக்க வைத்திருக்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள்.

கணவரிடம் குழந்தைப் பாட்டு வகுப்புக்குப் போகிறோம் என்று சொல்லிவைத்தேன். அவருக்குச் சந்தோஷம்.

இரண்டாம் வாரம் டோனட்டும் மௌனமுமாகக் கழிந்தது. மூன்றாம் வாரம் பஸ் அம்மா என்னைப் பார்த்து, விருப்பமிருந்தால் சொல்லலாம், கட்டாயமில்லை என்றார். கட்டாயமில்லை என்றதும்தான் பயம் வந்தது. எதுவும் சொல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதி போய்விடும். நான் சிறுவயதில் பார்த்த எல்லாப் படங்களையும் ஒன்றாக அரைத்து ஒரு கதை சொன்னேன். சித்தி ஒருத்தி. பழைய சோறு. ஆட்டுக்கல். மழையில் வெளியே நிற்க வைத்தல். இவ்வளவும் சொல்லியும் ஏதோ குறைந்தது போலிருக்க, வீட்டில் ஒரு எருமை இருந்ததாகவும் அதைக் கட்டிக்கொண்டுதான் நான் அழுவேன் என்றும் சேர்த்தேன். மற்றவர்கள் தலையசைத்தார்கள். லாரிக்காரர் மட்டும், அந்த எருமைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

எதிர்பாராத கேள்வி. செத்துவிட்டது என்றேன்.

அவர் கண்கள் கலங்கின. நான் பாதி தின்ற டோனட்டைத் தட்டில் வைத்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மனசு சரியில்லை. உண்மையில் அடிபட்டு வளர்ந்தவர்களின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத எருமையைக் கொன்று, ஒரு நல்ல மனிதரை அழவைத்திருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை முதல் ஆளாகக் கை தூக்கினேன். நான் சொன்னதெல்லாம் பொய், எனக்குச் சித்தியும் இல்லை, எருமையும் இல்லை, குழந்தையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா இருக்கத்தான் வந்தேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். என் குழந்தைப் பருவம் எல்லோருடையதையும் போலச் சாதாரணமானது. அப்பா விருதுநகர் பக்கத்தில் பெயர்பெற்ற கணக்கு வாத்தியார். தேவைப்பட்டால் ஒழிய அடிக்கவே மாட்டார்.

இதற்கு அத்தாட்சியாக ஒரு கதையும் சொன்னேன். எங்கள் வீட்டிலும் சரி, சன்னிவேலில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் சனிக்கிழமை விருந்துகளிலும் சரி, இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் கிடையாது. யார் யார் எதனால் அடிவாங்கினோம் என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்வோம். பெல்ட், ஹேங்கர், முருங்கைக் குச்சி, பூரிக்கட்டை என்று வரிசையாக வரும். முதல் பரிசு எப்போதும் எனக்குத்தான்.

எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடு வராது. அப்பா சமையலறையிலிருந்து கல் உப்பை எடுத்துவந்து தரையில் பரப்பி, பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு அதன்மேல் முட்டி போடச் சொல்வார். முழு வாய்ப்பாட்டையும் தவறில்லாமல் சொன்னால் எழுந்திருக்கலாம். தவறினால் முதலிலிருந்து. இதில் சிரிப்பு எங்கே என்றால், இன்றைக்கும் எனக்கு உட்கார்ந்துகொண்டோ நின்றுகொண்டோ பதினேழாம் வாய்ப்பாடு வராது. முட்டி போட்டால்தான் வரும். விருந்துகளில் நான் இதை நடித்தே காட்டுவேன். இங்கேயும் நாற்காலியிலிருந்து இறங்கி, தரைவிரிப்பில் முட்டி போட்டு, ஆங்கிலத்தில் வாய்ப்பாட்டைப் பாட ஆரம்பித்தேன். ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது வரை வந்துவிட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆங்கிலத்தில் சொன்னதால் நகைச்சுவை போய்விட்டதோ என்று நினைத்து, குரலை இன்னும் கொஞ்சம் கீச்சிட வைத்து எட்டுப் பதினேழுக்குப் போனேன். லாரிக்காரர் எழுந்து வந்து கையை நீட்டினார். எழுந்திரு, நீ அதை முடிக்க வேண்டியதில்லை என்றார். பஸ் அம்மா, அப்போது உனக்கு என்ன வயது என்று கேட்டார். ஏழு என்றேன். எத்தனையோ தடவை சொன்ன கதையில் அந்த எண்ணை நான் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. அமெரிக்கர்களுக்கு எல்லாமே பெரிய விஷயம், தும்மினால்கூட உட்கார்ந்து பேச வேண்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மகளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் போவதில்லை என்று முடிவும் செய்தேன்.

நான்கு நாள் கழித்து மகள் சமையலறை அலமாரியைத் திறந்து துவரம்பருப்பு மூட்டையை வரவேற்பறைத் தரைவிரிப்பில் கவிழ்த்தாள். பத்து பவுண்டு பருப்பு. அதில் உட்கார்ந்து நீச்சல் அடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவளைத் தூக்கி, தொடையின் உள்பக்கத்தில் கிள்ளினேன். புதிதாக ஒன்றும் இல்லை. அதற்கு முன்பும் கிள்ளியிருக்கிறேன். இந்த ஊரில் குழந்தையை அடித்தால் யாராவது 911-க்குப் போன் போட்டுப் போலீஸை வரவழைத்துவிடுவார்கள் என்று வந்த புதிதிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் நான் கிள்ளுவதற்கு வெளியே தெரியாத இடமாகப் பார்த்து வைத்திருந்தேன். அன்று அவள் கவுனைத் தூக்கியபோது என் கை தானாகவே அந்த இடத்துக்குப் போயிற்று. அப்பா என் பாவாடையைத் தூக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்ததும் பாவாடை விழுந்து முழங்காலை மூடிவிடும். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவரும் இடம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மகள் அழுதாள். நானும் பருப்பில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுவதைப் பார்த்து அவள் அழுகையை நிறுத்திவிட்டு, எனக்கு ஆறுதலாக ஒரு பிடி பருப்பை என் வாயில் திணித்தாள்.

வியாழக்கிழமை போனேன். முதல் வேலையாக அந்த விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டு, 'ஆம்' என்ற குறியை அழுத்தி இன்னொரு தடவை போட்டேன். பஸ் அம்மா, ஒரு தடவை போட்டால் போதும் என்றார்.

குழுவில் ஒரு ஏற்பாடு இருந்தது. கை எழும்புகிறது என்று தோன்றினால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய் ஒருவருக்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு போன் துணை. எனக்கு லாரிக்காரர் வாய்த்தார். எருமை இல்லவே இல்லை என்று நான் தெளிவாகச் சொல்லியிருந்தும், அவர் அதை முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. அந்தத் துக்கத்தைத் தாங்க முடியாமல்தான் மறுக்கிறேன் என்று நினைத்தார்.

எங்கள் உரையாடல்களை யாராவது ஒட்டுக் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் எங்காவது அடைத்திருப்பார்கள். அவர் மூச்சிரைத்தபடி கூப்பிடுவார். பையன்கள் வீடியோ பிளேயருக்குள் வாட்டிய ரொட்டியைச் செருகிவிட்டார்கள் என்பார். அப்போது என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஒன்றையொன்று பாதிதான் புரிந்துகொள்ளும். என்ன சொல்வதென்று தெரியாமல், வெண்ணெய் தடவியதா தடவாததா என்று கேட்பேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து தடவியது என்பார். அதற்குள் கோபம் பாதி இறங்கியிருக்கும். நான் கூப்பிட்டு, மகள் சாம்பாரில் செருப்பைப் போட்டுவிட்டாள் என்றால், சாம்பார் என்றால் என்ன என்று கேட்பார். புளியிலிருந்து ஆரம்பித்து விளக்கி முடிப்பதற்குள் எனக்கும் இறங்கிவிடும். வேறு எந்த வைத்தியமும் செய்ததாக நினைவில்லை. அவருக்குச் சிறுவயதில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. என்னுடையதைவிட மிக அதிகம் என்று மட்டும் சொல்லலாம்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. ஒரு சனிக்கிழமை மதியம் நான் கடையிலிருந்து திரும்பியபோது கணவர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆன்சரிங் மெஷினின் பொத்தானை அழுத்தினார். கனத்த ஆண்குரல் ஒன்று வீடு முழுக்க நிறைந்தது. இன்று காலை என்னால் தாங்கவே முடியவில்லை, உன்னை நினைத்துக்கொண்டேன், வெளியே போய் லாரியில் தனியாக உட்கார்ந்துகொண்டேன், நேரம் கிடைக்கும்போது கூப்பிடு என்றது குரல்.

"யாரு இது?" என்றார் கணவர்.

"டோ டிரக் ஓட்டுறவர்."

"அவன் எதுக்கு உன்ன நெனச்சுக்கிட்டு டிரக்ல போய் உக்காரணும்?"

பாட்டு வகுப்பு பொய் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவருக்கு அதில் மட்டும் பெரிய ஆச்சரியம் இல்லை. "ஆறு மாசமா ஒரு பாட்டுகூட பாப்பா பாடலையே, டீச்சர் சரியில்லையோன்னு கம்ப்ளெயின்ட் பண்ணலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு உப்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். விருந்துகளில் அவர் இதே கதையைப் பலமுறை கேட்டு என்னோடு சேர்ந்து சிரித்தவர்தான். இந்தத் தடவை நான் முட்டி போடவில்லை, குரலை மாற்றவில்லை. கோயம்புத்தூரில், சத்தம் போட்டுப் பேசினாலே மன்னிப்புக் கேட்கும் அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர் அவர். "மாமாவா?" என்றார். மாமா எவ்வளவு நல்லவர், கல்யாணத்தில் எவ்வளவு தன்மையாக நடந்துகொண்டார் என்றார். அதெல்லாம் உண்மைதான் என்றேன். அவர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. உப்பு தழும்பு விடாது. கணக்கு வாத்தியாராக இருந்தும் அப்பாவுக்கு அந்த அளவு வேதியியல் தெரிந்திருந்தது.

லாரிக்காரரைப் பற்றிய அவர் சந்தேகம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. மறுமாதம் அவர் கார் ஃப்ரீவேயில் புகைவிட்டு நின்றுவிட்டது. போனில் என்னைக் கூப்பிட்டார். எனக்கு இந்த ஊரில் கார் இழுக்கும் ஆள் ஒருவரைத்தான் தெரியும். கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்து லாரி எங்கள் குடியிருப்புக்குள் நுழைந்தது. உயரத்தில், ஓட்டுநர் பக்கத்து இருக்கையில், என் கணவர் டையைத் தளர்த்திக்கொண்டு யானைமேல் வருபவரைப் போல உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து ஷூவைக் கழற்றினார்.

"நல்ல மனுஷன். நம்ம எருமை செத்ததுக்கு எனக்கும் ஆறுதல் சொன்னாரு. உங்க வீட்ல எருமை வேற இருந்துச்சா?"

அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் சில நாள் அவரே எங்களைக் கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மகளுக்கு நான்கு வயதானபோது அப்பா வந்தார். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா காலமாகி ஒரு வருடம். மூன்று மாதம் இருப்பதாகத் திட்டம். வந்த அன்றே, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். இந்த வீட்டில் யாரும் பாப்பாமேல் கை வைக்கக்கூடாது. வைத்தால் டிக்கெட்டை மாற்றிவிடுவேன். அவர் நான் வானிலை அறிக்கை படித்ததைப் போல, "சரி, சரி" என்று சொல்லிவிட்டு வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கப் போனார்.

சன்னிவேலைச் சுற்றியிருந்த வளைகுடாப் பகுதி ஊர்களில் அப்பாவின் மாணவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நடக்கப்போன மூன்றாம் நாளே ஒருவர் பார்த்துவிட்டார். காரை அப்படியே நிறுத்தி இறங்கி, நடைபாதையில் சாஷ்டாங்கமாக விழுந்திருக்கிறார். எதிர்வீட்டு அமெரிக்கக் கிழவர் மாரடைப்பு என்று நினைத்து ஓடிவந்தாராம். அப்புறம் போன்மேல் போன். ஒரு மணி நேரம் காரோட்டி சான் ரமோனிலிருந்துகூட வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றேதான். சார் அடித்த அடியால்தான் நான் இன்று இந்த நிலையில் இருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டே, எங்கே அடித்தேன் என்று கேட்பார். அவர்கள் இடத்தைக் காட்டுவார்கள்.

எல்லோருமாகச் சேர்ந்து எல் கமினோ சாலையில் ஒரு உணவகத்தின் பின் அறையில் பாராட்டு விழா வைத்தார்கள். சரிகைச் சால்வை, ரோஜா மாலை, பூரி கிழங்கு, ஒரு மைக். ஒவ்வொருவராக எழுந்து அடிவாங்கிய வரலாற்றைச் சொன்னார்கள். ஒருவர் தன்மேல் உடைந்த அடிஸ்கேல்கள் ஏழு என்று கணக்குச் சொன்னபோது அறையே சிரித்தது. அப்பா மாலையோடு கூச்சமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருங்கிணைத்தவர், சாரின் மகளும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டார்.

எனக்குப் பேசும் எண்ணமே இல்லை. மேசைக்கடியில் மகள் பூரியைக் கிழித்துக் கார் செய்து ஓட்டிக்கொண்டிருந்தாள். கணவர், வேண்டாமென்றால் வேண்டாம் என்பதாகக் கண்ணைக் காட்டினார். நான் எழுந்தேன்.

"அப்பா எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாங்க. கல் உப்பு மேல முட்டி போட வச்சு" என்றேன். சிலர் சிரிக்கத் தயாரானார்கள். "எனக்கு ஏழு வயசு. ரொம்ப வலிச்சுச்சு. இத நான் ரொம்ப வருஷமா சிரிப்புக் கதையா சொல்லிட்டு இருந்தேன். அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. மேசைக்கடியிலிருந்து மகள் ஆங்கிலத்தில் இன்னொரு பூரி கேட்டாள். அந்த அமைதியில் அது மைக்கில்லாமலே எல்லோருக்கும் கேட்டது. யாரோ ஒருவர் அவசரமாகக் கைதட்ட ஆரம்பித்து, தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்து நிறுத்தினார். பிறகு பாயசம் வந்தது. பாயசத்தை அவ்வளவு கவனமாக இத்தனை பொறியாளர்கள் ஒரே நேரத்தில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் ஏழு ஸ்கேல்காரர் எங்களிடம் வந்தார். என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். போன வாரம் பின்னக் கணக்குக்காக மகனை அறைந்துவிட்டேன், அவன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை என்றார். "அப்போ நான் சார் மாதிரி ஆயிட்டேன்னு பெருமையா இருந்துச்சு" என்றார். கணவர் பூரி கட்டிக்கொடுத்த காகிதப் பையைக் கிழித்து வியாழக்கிழமை நேரத்தையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா முன்னிருக்கையில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்காவது சிக்னலில் அப்பா, "சட்னியில உப்பு ஜாஸ்தி" என்றார். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பச்சை விழுந்தும் கணவர் வண்டியை எடுக்கவில்லை. அவர் தோள்கள் குலுங்கின. பின்னாலிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாயிற்று. கடைசியில் கண்ணில் வந்த நீர் எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன.

வீட்டில் நான் மகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா குளியலறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு ஞாபகமே இல்ல பிள்ள."

"எனக்கு இருக்குப்பா."

திரும்பிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்தேனா என்றால், ஒரு வாரம் எதிர்பார்த்தேன். பிறகு லாரிக்காரரைக் கூப்பிட்டு இன்னும் கேட்கவில்லை என்று முறையிட்டேன். அவர், தன் மாற்றாந்தகப்பன் சாகும்வரை தானும் எதிர்பார்த்ததாகவும், அதற்குப் பதில் அந்த நேரத்தில் மீன் பிடிக்கப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுவதாகவும் சொன்னார். நான் எதிர்பார்ப்பதை நிறுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். குறைத்துக்கொண்டேன்.

அப்பா ஊருக்குத் திரும்ப மூன்று வாரம் இருந்தபோது, பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். என் வாழ்க்கையில் அவர் எதற்கும் என்னிடம் அனுமதி கேட்டது கிடையாது. நான் அதே இடத்தில் இருப்பேன், ஒரு நிமிடம்கூட நகரமாட்டேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் அவரும் அவளும் எதிரெதிரே. மூன்றடி தள்ளி அடுப்படியில் நான், கரண்டியோடு.

ஏழு திராட்சைகளை வரிசையாக வைத்தார். ஐந்தை எடுத்தால் மீதி எத்தனை என்று தமிழில் கேட்டார். மகளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். "லெவன்" என்றாள். அப்பாவின் வலதுகை மேசையிலிருந்து எழும்பியது. முப்பத்தைந்து வருடப் பழக்கம் அது, யோசித்து எழும்பவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாதியில் நின்ற கையைத் தானே பார்த்தார். பிறகு அதை மெதுவாக இறக்கி, தன் வலது தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"திரும்ப எண்ணு" என்றார்.

அவள் மிகவும் கவனமாக ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இரண்டைத் தின்றாள். "ட்வெல்வ்" என்றாள்.

அப்பா இடதுகையையும் எடுத்து இடது தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கைகள்மீதும் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே காத்திருக்கும் பையனைப் போல, மீதியிருந்த திராட்சைகளைப் பார்த்தார். மகள் அவருக்கும் ஒன்றை எடுத்து வாயருகே நீட்டினாள். கை இல்லாததால் வேறு வழியின்றி வாயைத் திறந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிய ஆரம்பித்திருந்தது. நகரமாட்டேன் என்று சொன்னது நான்தான் என்பதால், வழியட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.